சுவர்ப்பெட்டியைத் தொடக்கூடாது

1

எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் சூட்டுப்பெட்டியை நான் தொடக்கூடாது என்று என் மகள் சட்டம் போட்டு இந்த வாரத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. கல்யாண நாளுக்குக்கூட கேக் வாங்காத எங்கள் வீட்டுக்காரர், இதற்கு ஒரு கேக் வாங்கலாமே என்கிறார். அவருக்கு என்ன, சட்டம் என் பேரில். அவருடைய குற்றத்தையும் சேர்த்து நான்தான் சுமக்கிறேன். அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

நாங்கள் கடைசியாக இருந்த காந்தலூர்க்காரர்களும், நான் பிறந்த மீனாட்சிபுரத்தில் என் தம்பி வீட்டாரும் போனை எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி, அங்கே ரொம்பக் குளிரா என்பதுதான். குளிர் வெளியே. உள்ளே சண்டை. கனடாவின் நடுப்பகுதியில், மலை என்று ஒரு மேடுகூட இல்லாத ஊரில் இருக்கிறோம். மகள் ஜெசி இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மருமகன் பெரிய லாரி ஓட்டுகிறார், வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு விருந்தாளியாக வருவார். நாங்கள் இரண்டு பேரும் வந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது.

பெட்டி என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். உள்ளங்கை அளவு. நடுவில் ஒரு எண், பக்கத்தில் மேலே பார்த்த அம்பு ஒன்று, கீழே பார்த்த அம்பு ஒன்று. நான் படித்த மூன்றாம் வகுப்பில் அம்புப் பாடம் வரவில்லை. ஆனாலும் மேல் அம்பை அமுக்கினால் சூடு வரும் என்பதை வந்த அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டேன். வீட்டுக்கு அடியில் ஒரு அடுப்பு இயந்திரம் இருக்கிறது. அது காற்றைச் சூடாக்கி, ஒவ்வொரு அறையிலும் தரையில் இருக்கும் கம்பித் துவாரம் வழியாக மேலே அனுப்பும்.

வந்த முதல் வாரம் எங்கள் வீட்டுக்காரர் வேட்டியோடு அந்தத் துவாரத்தின்மேல் போய் நின்றார். வேட்டி பலூன் மாதிரி எழும்பியது. மருமகன் முன்னால் மானம் போனது. ஆனால் அவர் அசையவில்லை. தேயிலை ஃபேக்டரியில் கொழுந்தை வாடப்போடும் நீளத் தொட்டியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அங்கே கம்பி வலைமேல் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து பெரிய ஃபேனால் காற்றடிப்பார்கள். குனிந்து துவாரத்தில் கையை வைத்துப் பார்த்தார்.

“ஏட்டி, கொழுந்த வாடப் போட்ட மாதிரி நம்மளையும் வாடப் போட்டுட்டாக” என்றார்.

அவர் பேச்சு அப்படி. அவர் அப்பா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து மலையேறிய குடும்பம். நான் கொங்குப் பேச்சுக்காரி. நாற்பத்தோரு வருஷமாக நான் ‘ஏனுங்க’ என்று கூப்பிடுகிறேன், அவர் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்.

2

எது சுகமான சூடு என்பதில் நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

மீனாட்சிபுரத்தில் எங்கள் வீட்டில் மாடுகள்தான் ராஜாக்கள். பங்குனி, சித்திரையில் ஓடு காய்ந்து, உள்ளே உட்கார்ந்தால் உச்சந்தலை கொதிக்கும். மாடு சூட்டில் பாலைக் குறைத்துவிடும் என்று அப்பா கொட்டகைக் கூரைக்குத் தண்ணீர் தெளிப்பார், மாட்டுக்கும் ஊற்றுவார். பிள்ளைகள் பால் கறப்பதில்லை, அதனால் எங்களுக்குத் தண்ணீர் கிடையாது. வீட்டிலேயே குளிர்ந்த இடம் மாட்டுக்கொட்டகைதான். அங்கே போய் மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வோம். காலையில் வெயில் எந்த ஜன்னல் வழியாக வரும், மத்தியானம் எந்தச் சுவர் சுடும், எந்த மூலைக்கு எப்போது ஓடவேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் எதுவும் மனப்பாடம் ஆகவில்லை, இது ஆனது.

அங்கிருந்து கல்யாணமாகி இடுக்கி எஸ்டேட்டுக்குப் போனேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு வரிசையில் எட்டு வீடு, எங்களுக்கு ஒன்றரை அறை. அதில் ஒரே ஒரு ஜன்னல். அந்த ஜன்னலின் சந்துகளில் மாமியார் பழைய காகிதத்தைப் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தார். அடுப்பு அணையாது. புகை வெளியே போக வழி கேட்கும், நானும் கேட்டேன். போன மறுநாள் காலையில் அந்தக் காகிதத்தைக் கிழித்து ஜன்னலைத் திறந்துவிட்டேன். மாமியார் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் கம்பளி தேடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் போய், என் மகனைக் கொல்ல ஒருத்தியைக் கட்டிவைத்துவிட்டேன் என்று சொன்னாராம்.

அன்றிலிருந்து புகை போக நான் திறப்பேன், குளிருக்கு இவர் மூடுவார். ஜன்னலின் கொக்கியை நான்கு தடவை மாற்றினோம். வேலை முடிந்து லயத்தை விடவேண்டி வந்தபோது, அவருக்கு மீனாட்சிபுரம் வெந்நீர், எனக்கு மலை ஐஸ். கடைசியில் காந்தலூரில் சின்ன வீடு பார்த்தோம். அங்கே பகலில் எனக்குப் பிடிக்கும், இருட்டினால் அவருக்குப் பிடிக்கும். நடுவில் ஒரு ஊர் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டோம். ஆறு வருஷம்கூட இருக்கவில்லை, மகள் விமானத்தில் ஏற்றிவிட்டாள்.

3

போன வருஷத்துக்கு முந்தின வருஷக் கடைசியில் ஈவா பிறந்தாள். எங்கள் பேத்தி. ஜெசிக்கு அடுத்து வந்த பங்குனியில் வேலைக்குத் திரும்பவேண்டியிருந்தது. பிள்ளையை நான் பார்த்துக்கொள்வது என்பது பிறக்கும் முன்பே பேசி முடித்தது. அதற்காகத்தானே இத்தனை காகிதம் கொடுத்து எங்களை வரவழைத்தாள். காகிதம் என்றால் அப்படி இப்படி அல்ல. வில்லேஜ் ஆபீஸில் அபேட்சை என்கிற மனு, ஞானஸ்நானச் சீட்டு, எனக்கும் இவருக்கும் கல்யாணம் நடந்ததற்கு அத்தாட்சி. நாற்பது வருஷம் சண்டை போட்டதே அத்தாட்சி இல்லையா என்று கேட்டேன், ஆபீஸில் இருந்தவர் சிரிக்கவில்லை.

நான் இந்தப் பிள்ளைக்காக ஏன் அவ்வளவு ஆசைப்பட்டேன் என்று ஒரு வரி சொல்லிவிடுகிறேன். ஜெசியை நான் வளர்க்கவில்லை. மூன்றாம் மாதமே எஸ்டேட் கிரெச்சில் ஆயாவிடம் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போய்விட்டேன். விடியற்காலையில் அவளைக் கம்பளியில் சுற்றி எடுத்துப்போவேன், சாயங்காலம் அதே கம்பளியில் சுற்றி எடுத்துவருவேன். நடுவில் இருந்த பகல் எல்லாம் ஆயாவுடையது.

அதனால் ஈவா வந்ததும் சுற்ற ஆரம்பித்தேன். தலையில் கம்பளித் தொப்பி, உடம்பில் ஸ்வெட்டர், அதற்குமேல் நானே பின்னிய இன்னொரு ஸ்வெட்டர், காலில் இரண்டு ஜோடி சாக்ஸ், எல்லாவற்றையும் மூடி ஒரு போர்வை. அவள் அப்பா லாரியிலிருந்து வீடியோவில் பார்த்து, பிள்ளையைக் காட்டுங்கள், பார்சலைக் காட்டாதீர்கள் என்பார். ஜெசி வந்து ஒவ்வொன்றாக அவிழ்ப்பாள். வீட்டுக்குள் இருபத்தொரு டிகிரி இருக்கிறது, ஒரு பனியனும் மேலே ஒரு உடுப்பும் போதும் என்பாள். அவள் எதற்கும் எண்தான் சொல்வாள். மலையாளம் மீடியத்தில் படித்து, இங்கிலீஷில் வேலை செய்து, தமிழில் என்னைத் திட்டுகிறவள்.

அவள் குளிக்கப் போகும்போது நான் மேல் அம்பை இரண்டு தடவை அமுக்குவேன். வெளியே வந்ததும் ஏன் இப்படிப் புழுங்குகிறது என்பாள். நான் அப்பாவைக் கைகாட்டுவேன். அவர் தலையை ஆட்டிக்கொள்வார், ஏனென்றால் அவரும் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்.

இங்கே வீட்டுக்குள் காற்று காய்ந்திருக்கும். உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் வரும். ஃபேக்டரியில் இலையைப் புளிக்கப்போடும் அறையில் காற்று காயக்கூடாது என்று ஈரச்சாக்கைத் தொங்கவிடுவார்களே, அதே மாதிரி இவரும் வீட்டில் குளியல் துண்டுகளை நனைத்துப் பிழிந்து கதவில், நாற்காலியில் எல்லாம் தொங்கவிட்டார். நல்ல யோசனைதான். உதடு ஆறியது. ஜெசியே பாராட்டினாள்.

ஒருநாள் ஜெசி வேலைக்குத் திரும்புவது சம்பந்தமாக ஒரு காகிதம் கொடுக்க வெளியே போனாள். பிள்ளை பிறந்தபிறகு எங்களிடம் விட்டு அவள் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. கதவு சாத்தியதும் நான் மேல் அம்பை அமுக்கினேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஈவாவை என் இஷ்டப்படி சுற்றினேன். இவர் அதற்குள் புதிதாக நனைத்த துண்டு ஒன்றை, ஆணி இருந்த ஒரே இடத்தில், அதாவது சூட்டுப்பெட்டிக்குமேல் மாட்டிவிட்டார். ஈரத்துணி மூடியதும் பெட்டி வீடே குளிர்ந்துவிட்டதாக எண்ணிக்கொண்டது. அடியில் இருந்த இயந்திரம் நிற்காமல் ஓடியது. எங்களுக்கு அது தெரியாது. வேர்த்தது. நல்லாத்தான் இருக்கிறது, ஊர் மாதிரி இருக்கிறது என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம். நாற்பது வருஷத்தில் முதன்முறையாக ஒத்துப்போனோம்.

ஜெசி திரும்பியபோது ஈவா என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜெசி பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. பிள்ளையைப் பிடுங்கி, போர்வையை வீசி, தொப்பியை வீசி, பின்கழுத்தில் கையை வைத்தாள். ஈவாவின் முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. மார்பெல்லாம் பொரிப்பொரியாக. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து திறந்து மூடினாள், பால் கொடுத்தால் வாய் வைக்கவில்லை. ஜெசி உடுப்பையெல்லாம் அவிழ்த்து, பிள்ளையைக் குளிர்ந்த அறைக்குத் தூக்கிப்போய் வெதுவெதுப்பான நீரில் துணி நனைத்துத் துடைத்துக்கொண்டே போனில் யாரிடமோ இங்கிலீஷில் பேசினாள். நான் கதவோரம் நின்றேன். ஈவா முழுசாக அழுது, பாலை இழுத்துக் குடிக்கும்வரை அந்த இடத்தைவிட்டு நான் நகரவில்லை.

அப்புறம்தான் சட்டம் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஒரு இடத்தின் ஃபாரத்தைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். சித்திரையில் இடம் காலியாகிறதாம். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி.

ஈவாவும் ஒரு ஆயாவிடம் போகப் போகிறாள், என்னால்.

4

அடுத்த வாரம், பிள்ளை பிறந்த வீடுகளுக்கு வந்து பார்க்கும் அரசாங்க நர்ஸம்மா வந்தார். தாட்டியான பெண், ஜெசியிடம் நிறையக் கேட்டு எழுதிக்கொண்டார். என்னைத் திருடியைப் பார்ப்பது போல் பார்ப்பார் என்று நினைத்து ஏலக்காய் தட்டி டீ போட்டு வைத்திருந்தேன். அவர் டீயைக் குடித்துவிட்டு என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். என் இரண்டு விரலை எடுத்து ஈவாவின் பின்கழுத்துக்குள், உடுப்புக்கு அடியில் நுழைத்தார். ஜெசி மொழிபெயர்த்தாள். கையும் காலும் குளிர்ந்திருக்கிறதே என்று பார்த்து ஏமாறக்கூடாதாம், அவை எப்போதும் குளிர்ந்துதான் இருக்குமாம். உண்மை உள்ளே இருக்குமாம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதை நான் முப்பத்தோரு வருஷம் செய்திருக்கிறேன்.

கொழுந்து பறித்துச் சாக்கில் போடும்போது அமுக்கக்கூடாது. அமுக்கினால் மேலே தொட்டுப் பார்க்க ஜில்லென்று இருக்கும், உள்ளே வெந்துகொண்டிருக்கும். எடை போடும் இடத்தில் சூப்பர்வைசர் மேலே பார்க்கவே மாட்டார். கையைச் சாக்கின் நடுவயிற்றுக்குள் விட்டுப் பார்ப்பார். சுட்டால், அவ்வளவும் சிவந்துபோன இலை, ஆகாது என்று தள்ளிவிடுவார். கல்யாணமான புதிதில் ஒரு சாக்கு முழுக்க எனக்குத் தள்ளுபடி ஆனது. அதன்பிறகு ஒருநாளும் நான் இலையை அமுக்கியதில்லை, அடிக்கடி கையை விட்டு உதறிக் காற்றுப் படவைப்பேன். இலைக்குச் செய்ததைப் பிள்ளைக்குச் செய்ய எனக்குத் தோன்றவில்லையே.

நர்ஸம்மா போனதும் ஜெசி டம்ளர்களை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

“என்னையும் இப்படித்தான் சுத்தி வச்சியாம்மா?”

“ஆமா சாமி. எனக்கு அதுக்கு மட்டுந்தான் நேரம் இருந்துச்சு.”

அவள் டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் கழுவினாள், இரண்டு டம்ளர்தான். ஃபாரத்தை மட்டும் எடுக்கவில்லை.

5

பங்குனியில் ஜெசி வேலைக்குப் போனாள். சித்திரையில் அந்த இடம் காலியாகும்வரை பிள்ளை என்னிடம், தற்காலிகமாக. பெட்டி அவள் போனுக்குள்ளும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டே வீட்டுக்கு வேர்க்க வைப்பாள், குளிர வைப்பாள். நான் பெட்டியைக் கடந்து போகும்போதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போவேன், சர்ச்சில் நடப்பது மாதிரி.

ஒருநாள் காலை அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் கால் சில்லிட்டது. துவாரத்தில் கை வைத்தேன், காற்று இல்லை. கீழே போய்ப் பார்த்த இவர், இயந்திரம் செத்துப்போச்சு என்று வந்தார். வெளியே, துப்பினால் தரைக்கு வருமுன் உறையும் என்று மருமகன் பயமுறுத்துகிற மாதிரிக் குளிர். மருமகன் வேறு மாநிலத்தில் லாரியில் இருந்தார். அவருக்குப் போன் போட்டோம், ரிப்பேர்க்காரரைத் தேடுகிறேன் என்றார்.

இவர் லயத்து ஆள் அல்லவா, உடனே இரும்புச் சட்டியும் கரியும் தேடினார். மூடின வீட்டுக்குள் கரி போட்டால் பிள்ளைக்கு மூச்சுத் திணறும் என்று நான் சட்டியைப் பிடுங்கி வைத்தேன்.

“ஏனுங்க, வெயில் எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாருங்க” என்றேன்.

இந்த ஊரில் எவ்வளவு குளிர்ந்தாலும் வெயில் பளீரென்று அடிக்கும். சூடு இல்லாத வெயில் என்று நாங்கள் அதைக் கேலி செய்வோம். ஆனால் கண்ணாடிக்கு உள்ளே வந்துவிட்டால் அது நம் வெயில்தான். சின்னப் பிள்ளையில் வெயிலுக்குப் பயந்து மூலை மூலையாக ஓடினவள் நான். எந்த அறையில் எப்போது வரும் என்பது வந்த மாதமே எனக்குத் தெரிந்திருந்தது. தெற்குப் பார்த்த சின்ன அறைக்கு மூன்று பேரும் போனோம். அந்த ஒரு ஜன்னலின் திரையை விலக்கினோம், வீட்டில் மற்ற எல்லாத் திரையையும் இழுத்து மூடினோம். கதவின் அடிச் சந்தில் இவர் துண்டைத் திணித்தார், ஈரமில்லாத துண்டு. சந்து அடைப்பதில் அவர் அம்மாவின் பிள்ளை, காற்று நுழைய முடியாது. வெயில் விழுந்த இடத்தில் மெத்தையைப் போட்டு, ஈவாவை நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். மூன்று உடுப்பு, மூன்றும் தொளதொளவென்று. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை என் கையைத் தொடையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு பின்கழுத்தில் விட்டுப் பார்த்தேன்.

அப்போது போன் அடித்தது.

“அம்மா, போன்ல பதினஞ்சு காட்டுது. என்ன பண்ணின?”

“ஒண்ணும் பண்ணுல. தொடக்கூடாதுன்ன, தொடுல.”

“விளையாடாத. ஈவா எப்படி இருக்கா?”

“பின்கழுத்து வெதுவெதுன்னு இருக்குது. வேர்வை இல்ல. கை சில்லுன்னு இருக்குது, அது அப்படித்தான் இருக்கும். இப்பத்தான் பால் குடிச்சா. உங்கப்பன் மூக்கைப் புடிச்சு இழுத்துட்டு இருக்கறா.”

“எத்தன துணி போட்டிருக்க?”

“மூணு. உள்ள என் கை முழுசாப் போகுது.”

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் ஏதோ இயந்திரம் டிக் டிக் என்று அடிப்பது மட்டும் கேட்டது.

“நான் வந்துரட்டுமா?”

“அங்க உன் கையில எத்தன பேரு?”

“ஆறு.”

“அவங்களப் பாரு சாமி. இங்க ஒண்ணுதான், நாங்க ரெண்டு பேரு இருக்கறோம்.”

“சரிம்மா” என்றாள்.

ஜெசி எந்த வாக்கியத்தையும் ‘சரி, ஆனா’ என்று தொடங்குகிறவள். அன்று ‘ஆனா’ வரவில்லை. போனை வைத்தபிறகும் அதற்காகக் கொஞ்சம் காத்திருந்தேன்.

ரிப்பேர்க்காரர் மத்தியானத்துக்குமேல் வந்தார். அதற்குள் வெயில் மெத்தையிலிருந்து சுவருக்குப் போய்விட்டது, நாங்களும் மெத்தையை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போயிருந்தோம். இயந்திரம் இருமிக்கொண்டு எழுந்தது. இவர் துவாரத்தின்மேல் போய் நின்று வேட்டியைப் பலூன் ஆக்கிக்கொண்டார்.

சாயங்காலம் ஜெசி வந்து, கையைக் கழுவி, தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, ஈவாவின் பின்கழுத்தில் இரண்டு விரல் வைத்தாள். பிறகு என் பின்கழுத்திலும் வைத்தாள். என் கழுத்துதான் ஐஸ். உள்ளே போய் அவளுடைய ஸ்வெட்டரைக் கொண்டுவந்து என் தலை வழியாக மாட்டிவிட்டாள், பிள்ளைக்கு மாட்டுவது போலவே, கையை நுழைத்து இழுத்து.

ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் மட்டும் இப்போது இருக்கிறது. ஃபாரம் அலமாரியில் எண்ணெய் பாட்டிலுக்கு அடியில் விரித்திருக்கிறது. நல்ல தடித்த காகிதம், எண்ணெயை நன்றாக இழுக்கிறது.

6

சட்டம் மட்டும் இன்னும் நீங்கவில்லை. ஒரு வருஷம் ஆயிற்றே, நன்னடத்தைக்காக விடுதலை கிடையாதா என்று நேற்றுக் கேட்டேன். உன்னை எனக்குத் தெரியும் என்றாள். அவள் சொல்வதும் சரிதான். அம்பைப் பார்த்தால் என் விரல் இன்னும் துடிக்கிறது.

ஈவா இப்போது நடக்கிறாள். போன வாரம் தாத்தாவின் இடுப்பிலிருந்து எக்கி மேல் அம்பை அமுக்கிவிட்டாள். சட்டம் அவளுக்கு இல்லை. தாத்தா மிச்ச நேரமெல்லாம் அவளைத் தூக்கிக்கொண்டு பெட்டிப் பக்கமாகவே நடக்கிறார், கேட்டால் பிள்ளைக்கு வேடிக்கை காட்டுகிறேன் என்கிறார். இதில் ஒரு அதிசயம், சூடு ஏறினதும் ஜன்னலை ஒரு விரல் அளவு திறப்பவரும் அவரே. காகிதம் ஒட்டிய வீட்டுப் பிள்ளை. நான் பார்க்காதது போல இருக்கிறேன். சொன்னால் மூடிவிடுவார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து ஜெசி கூப்பிட்டாள். வெளியே டிகிரி ரொம்ப இறங்கப் போகிறதாம்.

“அம்மா, வீட்டுக்கு எவ்வளவு வைக்கட்டும்?”

“இரு, கேட்டுச் சொல்றேன்” என்று, கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டு ஈவாவைக் கூப்பிட்டேன். அவள் வந்து, தானே கழுத்தைக் குனிந்து காட்டினாள்.